அடிக்கும் முன்பே அறிவது: பாட்மிண்டன் முன்கணிப்புப் பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்மிண்டன் கற்கும் பிள்ளைகளின் பெற்றோர், கிளப்பில் மாலை நேரம் ஆடுகிறவர்கள், புதிதாகப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே தொகுக்கப்பட்டிருக்கின்றன. டென்னிஸ், ஸ்குவாஷ், டேபிள் டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கும் பெரும்பாலான பதில்கள் பொருந்தும்.

முன்கணிப்பு என்றால் வேகமான ரிஃப்ளெக்ஸ்தானே?

இல்லை. இரண்டும் வேறு. எதிராளி அடிக்கும் முன்பே பந்து எங்கே வரும் என்று அறிவதுதான் முன்கணிப்பு. ரிஃப்ளெக்ஸ் என்பது கண்ட பிறகு காட்டும் எதிர்வினை. ஒரு விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தச் சொன்னால், இளம் வயதினர் பெரும்பாலும் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு மூன்று விளக்குகளில் எது எரிந்தது என்று தேர்ந்து அழுத்தச் சொன்னால் இன்னும் கூடுதல் நேரம் ஆகும். அதன் பிறகுதான் கால் நகர வேண்டும், கை நீள வேண்டும்.

ஆட்டமோ அவ்வளவு நேரம் தருவதில்லை. பாட்மிண்டன் கோர்ட்டின் முழு நீளமே 13.40 மீட்டர். இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியின் ஸ்மாஷ் (மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடிப்பது) 2023-இல் மணிக்கு 565 கி.மீ. என்று பதிவாகி, கின்னஸ் சாதனையானது. அது தனியாக நடத்திய அளவீடு. மட்டையை விட்ட கணத்தின் வேகம்தான் அது. ஷட்டில், அதாவது இறகுப்பந்து, காற்றில் மிக விரைவாக வேகம் இழந்துவிடும். அப்படியிருந்தும், போட்டியில் நல்ல ஸ்மாஷ் ஒன்று எதிராளியை அடைய அரை விநாடிகூட ஆகாது. ஷட்டில் கிளம்பிய பிறகுதான் யோசிக்கத் தொடங்குவேன் என்பவருக்குக் கோர்ட்டின் பாதி எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

நல்ல ஆட்டக்காரர்களுக்கு நிறைய நேரம் இருப்பதுபோலத் தெரிவது, அடி விழும் முன்பே அவர்களுக்குப் பாதி விடை தெரிந்திருப்பதால்தான்.

அந்தப் பாதி விடையை எங்கிருந்து எடுக்கிறார்கள்?

எதிராளியின் உடலிலிருந்து. ஊகமாகச் சொல்லவில்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் புரூஸ் அபர்னெதியும் டேவிட் ரஸ்ஸலும் 1987-இல் வெளியிட்ட பாட்மிண்டன் ஆய்வுகள் இந்தத் துறையின் அடித்தளம். ஒருவர் அடிப்பதை எதிர்ப்பக்கத்திலிருந்து படம் பிடித்தார்கள். மட்டை ஷட்டிலைத் தொடுவதற்கு ஏறக்குறைய 167 மில்லிவிநாடி முன்பு ஒரு முறை, 83 மில்லிவிநாடி முன்பு ஒரு முறை, தொடும் கணத்தில் ஒரு முறை என்று வெவ்வேறு இடங்களில் படத்தை நிறுத்தி, ஷட்டில் எங்கே விழும் என்று கேட்டார்கள். தேர்ந்தவர்கள் புதியவர்களைவிடச் சரியாகச் சொன்னார்கள். குறிப்பாக அந்த 167-க்கும் 83-க்கும் இடைப்பட்ட சிறு இடைவெளியில் அவர்களுக்கு ஏதோ கிடைத்தது, புதியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அது என்ன என்று பார்க்க, அடுத்த கட்டமாக உடலின் பகுதிகளை ஒவ்வொன்றாக மறைத்துக் காட்டினார்கள். மட்டையை மறைத்தால் இரு தரப்புமே தடுமாறினார்கள். மட்டை பிடித்த கையை மறைத்தபோதோ தேர்ந்தவர்கள் மட்டும் தடுமாறினார்கள். புதியவர்களுக்கு அந்தக் கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், ஏனென்றால் அதிலிருந்து அவர்கள் எதையும் எடுத்துக்கொண்டிருக்கவில்லை.

இதில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இன்னொரு முடிவு. இரு தரப்பின் கண்ணசைவையும் பதிவுசெய்து பார்த்தபோது பெரிய வேறுபாடு இல்லை. புதியவரின் கண்ணும் சரியான இடத்தில்தான் இருந்தது. அங்கே நடப்பதற்கு என்ன பொருள் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. “பையன் சரியாகப் பார்க்கமாட்டேன் என்கிறான்” என்று குறைப்படும் பெற்றோர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பின்னாளில் அபர்னெதி குழுவினர், முகமோ உடையோ எதுவும் தெரியாதபடி மூட்டுகளை மட்டும் ஒளிப்புள்ளிகளாகக் காட்டினார்கள். அப்போதும் தேர்ந்தவர்களால் கணிக்க முடிந்தது. தெருமுனையில் வருபவர் யார் என்று நடையை வைத்தே சொல்லிவிடுகிறோமே, அதைப் போன்ற அறிவுதான் இது.

“ஷட்டிலையே பார்” என்று கோச் சொல்கிறார். தப்பா?

நீங்கள் அடிக்கும்போது அது சரி. எதிராளி அடிக்கும்போது ஷட்டிலை மட்டும் தொடர்ந்தால், அது மேலே போய்க் கீழே வரும் நேரமெல்லாம் வீணாகிறது. நீங்கள் உயரத் தூக்கிய ஷட்டில் எங்கே இறங்கும் என்பது அது மேலேறும்போதே தெரிந்துவிடும். அந்த நேரத்தை எதிராளியைப் பார்க்கச் செலவிடலாம்.

வரிசை இப்படி: முதலில் உடற்பகுதியும் தோளும், அடுத்து மட்டை பிடித்த கை, கடைசியில் மட்டை. ஜெர்மனியின் நார்பர்ட் ஹாகெமன் குழு 2006-இல் வெளியிட்ட பாட்மிண்டன் ஆய்வில் வீடியோவிலேயே இந்த வரிசையில் ஒரு சிவப்பு நிறத் திட்டை நகர்த்திக் காட்டினார்கள்: தொடுவதற்கு 160 மில்லிவிநாடி முன்புவரை உடல், 80 வரை கை, பிறகு மட்டை. இப்படிப் பயின்ற புதியவர்களின் கணிப்பு மேம்பட்டது.

கண்ணை ஒவ்வொன்றுக்கும் தாவவிட வேண்டியதில்லை. மட்டை பிடித்த தோளுக்குப் பக்கத்தில் பார்வையை வைத்தால் கையும் மட்டையும் ஓரப்பார்வையில் விழும்.

பின்கோர்ட்டிலிருந்து தலைக்கு மேல் அடிக்கும்போது எதை எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் கால். எதிராளி ஷட்டிலுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாரா, இல்லை ஷட்டில் அவர் தலையைத் தாண்டிவிட்டதா? தாண்டிவிட்டால் கனமான ஸ்மாஷ் வராது. ஷட்டிலைத் தோளுக்குப் பின்னால் சந்திப்பவரால் அதைக் கீழ்நோக்கி வேகமாக அடிக்க முடியாது. பெரும்பாலும் கிளியர் (பின்கோர்ட்டுக்கு உயரத் தூக்கி அடிப்பது), இல்லையென்றால் மெதுவான டிராப் (நெட் அருகே விழவைப்பது). அதாவது ஒரு பார்வையிலேயே சாத்தியங்கள் பாதியாகக் குறைந்துவிடும்.

அவர் வசதியாகப் பின்னால் நின்றுவிட்டால் சிரமம். அப்போது இடுப்பும் தோளும் எப்போது திரும்புகின்றன என்று பாருங்கள். ஸ்மாஷுக்கு உடல் முழுதும் சுழன்று வரும், ஷட்டிலை முகத்துக்கு நன்கு முன்னால் சந்திப்பார். கிளியருக்குச் சந்திக்கும் இடம் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே, மட்டையின் முகம் சற்றே மேல்நோக்கி. டிராப்புக்கு எல்லாம் ஸ்மாஷ்போலவே தொடங்கும். முழங்கை நீண்டு வரும் கடைசிக் கட்டத்தில்தான் கையின் வேகம் சட்டென்று குறையும். அந்த வேகக்குறைவைப் பிடிக்கக் கற்றுக்கொண்டவர் நெட்டுக்கு ஓடுவதில் அரை அடி முன்னால் இருப்பார். குறுக்கே வெட்டி அடிக்கும்போது மட்டையின் விளிம்பு சற்றுத் திரும்பித் தெரியும். அது கடைசிக் கணத்து அடையாளம் என்பதால் அதை மட்டும் நம்பிக் கிளம்ப முடியாது.

இவை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது. ஒருவர் டிராப்புக்கு முன் இடக்கையைச் சீக்கிரம் இறக்குவார், இன்னொருவர் குதிக்காமல் அடித்தால் அது டிராப்தான். அதனால் பட்டியலை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. எங்கே தேடுவது என்று தெரிந்தால், எதிராளி மாறும்போது அவருக்கே உரிய அடையாளத்தை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

உடலைப் பார்த்தாலே போதுமா?

போதாது. எங்கே நின்று அடிக்கிறார், போன மூன்று முறை இதே மூலையிலிருந்து என்ன செய்தார், 19-19 என்று நெருக்கடி வந்தால் எதை நம்புகிறார் என்பதெல்லாம் அவர் மட்டையைத் தூக்கும் முன்பே கிடைக்கும் தகவல்கள். டென்னிஸில் போரிஸ் பெக்கர் சர்வ் போடும் முன் நாக்கை நீட்டும் திசையை வைத்தே பந்து எங்கே வரும் என்று அறிந்துகொண்டதாக ஆந்த்ரே அகாசி சொல்லியிருக்கிறார். முதல் மூன்று ஆட்டங்களிலும் பெக்கரிடம் தோற்றவர், கடைசியில் 10-4 என்ற கணக்கில் முன்னிலையில் முடித்தார்.

அதேசமயம், வல்லவர்கள் எந்நேரமும் முன்கூட்டியே பாய்ந்துகொண்டிருப்பதில்லை. தொழில்முறை டென்னிஸ் ஆட்டங்களைப் பதிவுசெய்து அலசிய, 2013-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், முன்கணித்து நகர்ந்தார்கள் என்று தெளிவாகச் சொல்லத்தக்க தருணங்கள் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். நேரம் இருந்தால் காத்திருந்து பார்த்துவிட்டே நகர்கிறார்கள், நெருக்கடியில்தான் துணிகிறார்கள். எல்லா அடிக்கும் முந்திக்கொண்டு ஓடும் பிள்ளையைப் பாராட்ட வேண்டாம். எப்போது காத்திருப்பது என்பதும் இதே திறமையின் பகுதி.

கண் பயிற்சி, மின்னும் கண்ணாடி, விளக்கு பொத்தான் கருவி இதெல்லாம் வாங்கலாமா?

என் பதில்: அந்தப் பணத்துக்கு ஷட்டில் வாங்குங்கள்.

பொதுவான கண் பயிற்சிகளால் ஆட்டம் முன்னேறுமா என்று அபர்னெதியும் ஜோவான் வுட்டும் சோதித்து 2001-இல் வெளியிட்டார்கள். விற்பனையில் இருந்த இரண்டு கண் பயிற்சித் திட்டங்களைச் சில வாரங்கள் செய்தவர்களும், வெறுமனே ஆட்டம் பற்றிப் படித்தும் பார்த்தும் வந்தவர்களும் கடைசியில் ஒரே இடத்தில்தான் இருந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு வெளியான ஸ்குவாஷ் ஆய்வில், அந்த ஆட்டத்தின் அடிகளையே பாதியில் வெட்டிக் காட்டிப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்கள் கணிப்பில் முன்னேறியிருந்தார்கள். ஆக, முன்கணிப்பைக் கற்றுக்கொடுக்க முடியும். ஆனால் அந்த ஆட்டத்தைக் கொண்டுதான் முடியும்.

விளக்கு எரிந்ததும் தொடும் கருவியில் பழகினால் விளக்கைத் தொடுவதில் வேகம் வரும். விளக்குக்குத் தோளும் இல்லை, முழங்கையும் இல்லை. பார்வையை விட்டுவிட்டு மறைக்கும் மின்னும் கண்ணாடிகள் பற்றிய ஆய்வுகள் சில நம்பிக்கை தருகின்றன, ஆனால் சிறிய அளவில் நடந்தவை. மாவட்ட அளவில் ஆடும் ஒரு பிள்ளைக்கு அது அவசியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பார்வைக் குறை இருக்கிறதா என்று கண் மருத்துவரிடம் காட்டுவது வேறு விஷயம். அதைக் கட்டாயம் செய்யுங்கள்.

வீட்டில் செல்போன் வைத்து எப்படிச் செய்வது?

செல்போனே போதும். வினாடிக்கு 60 ஃபிரேம் என்று அமைத்துக்கொள்ளுங்கள். அப்போது 10 ஃபிரேம் என்பது ஏறக்குறைய 167 மில்லிவிநாடி, 5 ஃபிரேம் 83. ஆய்வில் பயன்படுத்திய அதே இடைவெளிகள் கையிலேயே கிடைத்துவிடுகின்றன.

போனை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பார்வையாளர் வரிசையிலிருந்து, பக்கவாட்டிலிருந்து எடுத்த வீடியோ இதற்கு உதவாது. எதிர்ப்பக்க ஆட்டக்காரர் பார்க்கும் கோணம் வேண்டும்: கோர்ட்டின் நடுவில், ஆடுபவர் நிற்கும் இடத்தில், அவர் கண் உயரத்தில் போன் இருக்க வேண்டும். அடிப்பவரைப் பின்கோர்ட்டின் இரு மூலைகளிலிருந்தும் கிளியர், டிராப் என்று கலந்து, நேராகவும் குறுக்காகவும் அடிக்கச் சொல்லுங்கள். அடுத்து என்ன அடிக்கப்போகிறார் என்பதை அவர் மனதுக்குள் வைத்துக்கொள்ளட்டும். நாற்பது அடி போதும்.

பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனித் துண்டாக வெட்டுங்கள். முதல் வாரம் மட்டை தொடும் கணத்தில் நிறுத்துங்கள். அது எளிதானதும் 5 ஃபிரேம் முன்னால், பிறகு 10 ஃபிரேம் முன்னால். இதற்கு மேலும் பின்னால் போனால் வெறும் ஊகமாகிவிடும்.

பிள்ளை உட்கார்ந்து வாயால் பதில் சொல்லக் கூடாது என்பேன். எழுந்து நிற்கட்டும், மட்டை கையில் இருக்கட்டும், துண்டு நின்றதும் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்துவைக்கட்டும். நெட் பக்கம் இடம், நெட் பக்கம் வலம், பின்பக்கம் இடம், பின்பக்கம் வலம் என்று நான்கு பதில்தான். நான்கு வகையும் சம அளவில் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே நாற்பதில் பத்து சரியாக வரும் என்பதை மறக்க வேண்டாம். பன்னிரண்டு சரி என்றால் இன்னும் எதுவும் வரவில்லை. பதில் சொன்ன உடனே முழு அடியையும் காட்டுங்கள். காட்டாமல் மதிப்பெண் மட்டும் கூட்டினால் அது பரீட்சை ஆகிவிடும், பயிற்சி ஆகாது.

ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதே வீடியோவையே வாரக்கணக்கில் போட்டால் பிள்ளை துண்டுகளையே மனப்பாடம் செய்துவிடும். அடிப்பவரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

கோர்ட்டில் என்ன செய்வது?

நம் பயிற்சிக்கூடங்களில் மல்டி ஷட்டில் பயிற்சிதான் அதிகம். கோச் நெட் ஓரம் நின்று கையால் ஒவ்வொன்றாக எறிவார், பிள்ளைகள் ஓடி ஓடி அடிப்பார்கள். காலுக்கும் மூச்சுக்கும் அது நல்லது. ஆனால் எறியும் கைக்கும், மட்டையால் அடிக்கும் உடலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆயிரக்கணக்கான ஷட்டில்களை அப்படி அடித்தாலும் எதிராளியின் தோளைப் பார்க்கும் பழக்கம் வராது. எந்திரம் வீசும் டென்னிஸ் பந்துக்கும் இதே குறை. வாரத்தில் பாதி நாளாவது ஷட்டிலை இன்னொருவர் உண்மையான வீச்சோடு மட்டையால் அடித்துத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கேற்ற எளிய ஆட்டம் ஒன்று. ஒருவர் பின்கோர்ட்டிலிருந்து கிளியர் அல்லது டிராப் மட்டும் அடிப்பார். மற்றவர் இரண்டில் எது என்று பார்த்து எடுக்க வேண்டும். தேர்வு இரண்டே என்பதால் அடையாளத்தைத் தேட மனம் பழகும். நன்றாக வந்ததும் ஸ்மாஷைச் சேருங்கள்.

கூடவே ஸ்ப்ளிட் ஸ்டெப், அதாவது எதிராளி அடிக்கும் தறுவாயில் எடுக்கும் அந்தச் சிறு குதிப்பு. இதன் நேரம் தவறினால் கணிப்பு சரியாக இருந்தும் பயனில்லை. எதிராளியின் மட்டை முன்னோக்கி வரத் தொடங்கும்போது எழும்பி, அடி விழுந்த உடன் தரையைத் தொட வேண்டும். தரையைத் தொடும் காலே எந்தப் பக்கம் என்று தள்ளிவிடும்.

இன்னொன்று: எல்லா அடியையும் பிள்ளை தானும் அடித்துப் பழக வேண்டும். கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ வளையத்துக்குள் போகுமா என்று கணிக்கச் சொன்ன இத்தாலிய ஆய்வில் (2008) பயிற்சியாளர்களையும் விளையாட்டு நிருபர்களையும்விட ஆடும் வீரர்களே முந்தினார்கள். பார்த்த அனுபவம் இரு தரப்புக்கும் இருந்தது, தினமும் எறியும் கை வீரர்களுக்கு மட்டுமே இருந்தது.

பிள்ளைக்கு எவ்வளவு விளக்கிச் சொல்லலாம்?

குறைவாக. நிக் ஸ்மீட்டன், மார்க் வில்லியம்ஸ் குழுவினர் 2005-இல் இளம் டென்னிஸ் ஆட்டக்காரர்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு எல்லா அடையாளத்தையும் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு குழுவை “இடுப்புப் பக்கம் கவனித்துப் பார்” என்பதுபோல் குறிப்பு மட்டும் கொடுத்துத் தாமே கண்டுபிடிக்கவைத்தார்கள். மூன்றாவது குழு முழுக்கத் தானாகவே. மூன்றும் முன்னேறின. ஆனால் பதற்றமான சூழலை உருவாக்கிச் சோதித்தபோது, எல்லாம் சொல்லிக்கொடுக்கப்பட்ட குழுதான் தடுமாறியது. விதிகளை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கப் போட்டியில் நேரம் ஏது?

டென்னிஸ் சர்வில் டேமியன் ஃபாரோவும் அபர்னெதியும் செய்த சோதனை (2002) இன்னும் சுவையானது. திசையைப் பற்றிப் பேசாமல், சர்வின் வேகத்தை ஊகிக்கச் சொன்னார்கள். வேகத்தைத் தேடியவர்களுக்குத் திசையும் பிடிபட்டது. பயிற்சி நின்று ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பலன் நிலைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது தொடர்ந்து செய்ய வேண்டிய பயிற்சி.

“இப்போ எதை வச்சு நெட்டுக்கு ஓடின?” என்று பிள்ளையிடம் கேளுங்கள். “தெரியல சார், தோணிச்சு” என்று வரும் பதில் நல்ல பதில். அதைக் கிண்டிக் கிளற வேண்டாம்.

எதிராளி ஏமாற்றி அடிப்பவராக இருந்தால்?

தைவான் பாட்மிண்டன் வீராங்கனை தாய் சு-யிங்கை எதிர்த்து ஆடியவர்கள் எதிர்ப்பக்கம் காலை ஊன்றி அப்படியே நின்றுவிடும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். மட்டையைத் தயாராக நீட்டிவைத்துக் கடைசிக் கணம்வரை அடிக்காமல் பிடித்துவைப்பார், அல்லது ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் தட்டுவார். முன்கணிப்பை நம்பி ஓடுபவர்தான் இதற்கு இரையாவார்.

இங்கே வழி, எடையை மாற்றலாம் ஆனால் அடியெடுத்து வைத்துவிடக் கூடாது என்பதுதான். மட்டையையும் மணிக்கட்டையும் கடைசிவரை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். காலையும் இடுப்பையும் மாற்றுவது கடினம். அதனால் நெட் அருகே ஏமாற்றுபவரிடம் மட்டையை நம்பாதீர்கள். பிள்ளைகளும் ஏமாற்றி அடிக்கக் கற்றுக்கொள்ளட்டும். தானே அந்த வித்தையைச் செய்பவர் மற்றவர் செய்யும்போது எளிதில் விழமாட்டார்.

இடக்கை ஆட்டக்காரர்களிடம் மட்டும் ஏன் இவ்வளவு திணறுகிறோம்?

பழக்கமின்மை. ஹாகெமன் 2009-இல் டென்னிஸ் வீடியோக்களைக் கண்ணாடி பிம்பம்போலத் திருப்பியும் காட்டிச் சோதித்தார். ஒரே அடி இடக்கை அடியாகத் தெரிந்தபோது கணிப்பு மோசமானது. இடக்கைக்காரர்களுக்கும் அதே கதிதான். பாட்மிண்டன் நட்சத்திரங்கள் லின் டான், கரோலினா மரின், கென்டோ மொமோட்டா மூவரும் இடக்கை ஆட்டக்காரர்கள். உங்கள் கிளப்பில் இடக்கைக்காரர் இல்லை என்றால் செல்போன் வீடியோவை இடவலமாகத் திருப்பிப் போட்டுப் பழகலாம். அரைகுறைத் தீர்வுதான், ஒன்றுமில்லாததற்கு மேல்.

டேபிள் டென்னிஸுக்கும் இதே முறைதானா?

அடிப்படை ஒன்று, தேடும் பொருள் வேறு. அங்கே சுழற்சிதான் எல்லாம், அதைச் சொல்வது மட்டை பந்தைத் தொடும் கணமும் மணிக்கட்டின் போக்கும். அந்த ஆட்டத்தின் விதிகளே இதற்குச் சாட்சி. மட்டையின் இருபக்கமும் ஒரே நிறத்தில், ஆனால் வெவ்வேறு தன்மையுள்ள ரப்பர் ஒட்டி, எந்தப் பக்கத்தால் அடித்தார் என்று தெரியாமல் குழப்பியதால், 1980களில் இரு பக்கத்துக்கும் வேறு வேறு நிறம் கட்டாயமானது. சர்வ் போடும்போது உடலாலோ கையாலோ பந்தை மறைக்கக் கூடாது என்ற விதி 2002-இல் வந்தது. பாட்மிண்டனிலும் ஷட்டிலை விரலால் சுழற்றிவிட்டுப் போடும் சர்வை 2023-இல் உலகக் கூட்டமைப்பு தடைசெய்தது. திருப்பி எடுப்பவருக்குக் கணிக்க ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காகவே இவை.

முன்னேற்றம் வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

வெற்றி தோல்வியை வைத்துப் பார்க்காதீர்கள், அதில் வேறு ஆயிரம் காரணங்கள் உண்டு. மாதம் ஒரு முறை ஒரு செட்டை, இருவரும் தெரியும்படி, கோர்ட்டின் பின்பக்கத்திலிருந்து வீடியோ எடுங்கள். எதிராளியின் மட்டை ஷட்டிலைத் தொடும் ஃபிரேமில் நிறுத்தி, அங்கிருந்து உங்கள் பிள்ளையின் கால் சரியான பக்கம் கிளம்ப எத்தனை ஃபிரேம் ஆகிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். எதிர்ப்பக்கம் ஊன்றிவிட்டுத் திரும்பியவற்றைத் தனியாகக் குறியுங்கள். முதல் எண் குறைந்து இரண்டாவது எண் ஏறினால் பிள்ளை பதறுகிறது என்று பொருள். கிளியர்-டிராப் ஆட்டத்துக்கே திரும்பப் போங்கள். இரண்டும் குறைந்தால் அடிப்பவரை மாற்றி, இன்னும் வலுவான ஒருவரிடம் ஆடவிடுங்கள்.